கல்லீரலைச் சுற்றிப் போன இரத்தம்

சீட்டில் 'கல்லீரல் ஸ்கேன்' என்று எழுதியிருந்தால், கல்லீரலை மட்டும் பார்த்துவிட்டு ஜெல்லைத் துடைக்கிறவர்கள் நம் தொழிலில் நிறையப் பேர். அதற்கு வந்து சேரும் இரத்தக்குழாயைப் பார்க்கிறவர்கள் கொஞ்சம். நான் இப்படிச் சொல்வது உங்களுக்குக் கோபத்தை வரவழைத்தால் நல்லதுதான். கோபப்பட்டுக் கேட்டது சீக்கிரம் மறக்காது. எனக்கும் கோபம் மூக்கின் மேல்தான் உட்கார்ந்திருக்கும் என்று என்னோடு வேலை பார்த்தவர்கள் உங்களிடம் முன்பே சொல்லியிருப்பார்கள். என் பாதி ஆயுளைக் குழந்தைகள் மருத்துவமனையின் ஸ்கேன் அறையில் கழித்துவிட்டு, இப்போது மீஞ்சூரில் வீட்டோடு இருக்கிறேன்.

நீங்கள் ஸ்கேன் டாக்டர்களாகப் புதிதாக வந்திருக்கிறீர்கள். இயந்திரத்தை எப்படிப் பிடிப்பது, எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதில் நான் வாய் வைக்க மாட்டேன். ஒரு குழந்தையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துப் பெண். மோனிஷா என்று வைத்துக்கொள்ளுங்கள், உண்மைப் பெயர் உங்களுக்கு எதற்கு?

அதற்கு முன் ஒரு சின்னப் பாடம். எல்லாரும் படித்ததுதான், ஆனால் படித்ததைத்தான் முதலில் மறக்கிறோம். குடலிலிருந்து கிளம்பும் இரத்தம் நேரே இதயத்துக்குப் போவதில்லை. சாப்பாட்டிலிருந்து எடுத்ததையெல்லாம் சுமந்துகொண்டு ஒரு பெரிய நாளத்தின் வழியாகக் கல்லீரலுக்குள் போகும். அங்கே நச்சுக் கழிந்த பிறகுதான் மற்ற இடங்களுக்கு. அரிதாகச் சில குழந்தைகளுக்கு, பிறவியிலேயே, அந்த நாளம் கல்லீரலுக்குள் நுழையாமல் பக்கத்தில் உள்ள வேறொரு பெரிய இரத்தக்குழாயோடு சேர்ந்துவிடும். வடிகட்டியில் ஊற்றாமல் டீயைத் தூளோடு டம்ளரில் ஊற்றின மாதிரி. கல்லீரல் பாட்டுக்கு நன்றாகத்தான் இருக்கும், அதற்கு வேலைதான் வந்து சேராது. மீன், கறி, முட்டையிலிருந்து உண்டாகும் அம்மோனியா நேரே மூளைக்குப் போகும். குழந்தை மந்தமாகும், தூங்கித் தூங்கி வழியும், உளறும். மஞ்சள் காமாலை இருக்காது. கல்லீரலுக்கான வழக்கமான இரத்தப் பரிசோதனைகூடப் பெரும்பாலும் சரியாகவே வந்து நம்மை வருஷக்கணக்கில் ஏமாற்றும்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில காலம் முன்பு, மாதம் ஒரு முறை பழவேற்காட்டுக்கு முகாம் போவோம். குழந்தை மருத்துவர் ஒருவர், நர்ஸ் ஒருவர், ஒரு கைப்பெட்டி ஸ்கேன் இயந்திரத்தோடு நான். பொன்னேரி வரை ரயில், அங்கிருந்து வேன். அந்த மாதம் வந்த குழந்தை மருத்துவர் படிப்பு முடித்துப் புதிதாகச் சேர்ந்த பிள்ளை. நல்ல மூளை, ஆனால் வாய்தான் மூளையைவிட ஒரு அடி முன்னால் போகும்.

அன்றைக்குக் காலையில் ஏழுமலை என்ற மீனவர் எட்டு வயது மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே அவர் மனைவி தனம். குழந்தையை மேஜையில் படுக்க வைத்தார்கள். தட்டினால் கண்ணைத் திறந்தது, பிறகு மூடிக்கொண்டது.

"நேத்து நல்லாத்தான் ஆடிக்கினு இருந்தா டாக்டரம்மா," என்றாள் தனம். "காலைல எழுப்புறேன், எழுப்புறேன், எந்திரிக்க மாட்டேன்றா. இன்னாடீன்னா சம்பந்தமே இல்லாம ஒளர்றா."

"இதுதான் முதல் தடவையா?"

"அட நீங்க வேற. அடிக்கடி இப்டித்தான். ரெண்டு நாளு கெடப்பா, அப்பறம் எந்திரிப்பா. எந்திரிச்சாலும் முழுசாத் தெளிய மாட்டா. இஸ்கோல்ல மந்தம்னு சொல்லிட்டாங்க. வேற இஸ்கோலு, இந்த மாதிரிப் புள்ளைங்க படிக்கிற இஸ்கோலு, அங்க சேத்துடுன்றாங்க."

ஏற்கனவே இரண்டு மூன்று இடங்களில் காட்டியிருந்தார்கள். ஓர் இடத்தில் வலிப்பாக இருக்கலாம் என்று மருந்து கொடுத்திருந்தார்கள். இன்னொரு இடத்தில் இரத்தம் குறைவு, நன்றாக மீனும் முட்டையும் கொடு என்றிருந்தார்கள். வயிற்று ஸ்கேனும் எடுத்து, எல்லாம் சரி என்று அனுப்பியிருந்தார்கள். நர்ஸ் விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்த்தார், குறையவில்லை. நான் குழந்தையைத் தட்டி எழுப்பி இரண்டு கையையும் நீட்டச் சொன்னேன். நீட்டிய கை நிற்கவில்லை, மணிக்கட்டு தளர்ந்து தளர்ந்து விழுந்தது. கல்லீரல் கெட்டுப்போன பெரியவர்களிடம் பார்க்கிற கை அது. இந்தக் குழந்தைக்கோ கண்ணில் மஞ்சளில்லை, வயிற்றில் நீரில்லை.

"ராத்திரி என்ன சாப்பிட்டா?" என்று கேட்டேன்.

"சோறுதான்."

"சோத்துக்கு என்ன?"

"கொழம்பு."

"என்ன குழம்பு?"

தனம் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எங்கூட்ல கொழம்புன்னா மீனுதான் டாக்டரம்மா. வேற இன்னா வெப்பாங்க? நேத்து எறா. எங்க பாடு இல்ல நேத்து?"

ஏரியில் நல்ல இறால் விழுகிற இடங்கள் சிலதான். எல்லாரும் எல்லா நாளும் அங்கே வலை கட்டினால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் ஊர் கூடி முறை வைத்திருக்கிறார்கள், இன்றைக்கு இந்த வீட்டுக்காரர்கள், நாளைக்கு அந்த வீட்டுக்காரர்கள் என்று. அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. அப்பா, தாத்தா வழியாக வரும் உரிமை அது. மற்ற நாட்களில் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றுகிற வீட்டில், பாடு வந்த நாளில் சட்டி நிறைய இறால் கொதிக்கும். வியாபாரிக்குப் போடுவதற்கு முன்பே வீட்டுப் பிள்ளைக்கென்று ஒரு பங்கை எடுத்து வைத்துவிடுவது ஏழுமலை வீட்டு வழக்கம்.

அதுவரை சுவரோரம் நின்றிருந்த ஏழுமலை அப்போதுதான் வாயைத் திறந்தார். "சொன்னா சிரிப்பீங்கம்மா. எங்க பாடு வந்தாலே இவ படுத்துக்குறா. ஒரு தபா ரெண்டு தபா இல்ல. வலைல நல்லா வுழுந்துச்சுன்னா ஊருக் கண்ணு பூரா எங்க மேலதான். அந்தக் கண்ணு எங்கள வுட்டுட்டு புள்ள மேல வுழுது. நான் முடிவு பண்ணிட்டேன். பாடே வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு, மீஞ்சூர்ல எதுனா கம்பெனில செக்யூரிட்டியா பூடறேன். புள்ள இருந்தாப் போதும்."

நம்முடைய புது டாக்டர் பக்கென்று சிரித்துவிட்டான். மேஜைக்கு அடியில் அவன் காலை ஒரு மிதி மிதித்தேன். நன்றாகவே மிதித்தேன், அன்றைக்கு முழுவதும் நொண்டினான்.

ஏன் மிதித்தேன் என்று கேளுங்கள். கண் படுகிறது என்பதை நான் நம்புகிறேனா இல்லையா என்பது வேறு விஷயம். அந்த மனிதர் தலைமுறைச் சொத்தையே விடத் துணிகிற அளவுக்கு ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார். அவர் சொன்ன காரணம் தப்பாக இருக்கலாம். பாடு வந்த மறுநாள் குழந்தை படுக்கிறது என்பது தப்பாக இருக்க வேண்டிய அவசியமில்லை. நாம் காரணத்தைக் கேட்டுச் சிரித்தால், அடுத்த முறை அவர்கள் இரண்டையும் சேர்த்தே மறைத்துவிடுவார்கள்.

இன்னொரு கேள்வி கேட்டேன். இதை மட்டும் எப்போதும் விட்டுவிடாதீர்கள். எப்போது நோய் வருகிறது என்று எல்லாரும் கேட்போம். நான், "எப்ப நல்லா இருப்பா?" என்றேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படி யாரும் அதுவரை கேட்டதில்லை போலிருக்கிறது. தனம்தான் யோசித்துச் சொன்னாள்.

"ஆடி மாசம் அம்மன் கோயில்ல காப்பு கட்டுவாங்க பாருங்க, அப்ப நல்லா இருப்பா. அந்த நாளு பூரா ஓடுவா, ஆடுவா, எங்கிட்ட சண்டைக்கி வருவா. அம்மா காவல் இருக்குறாங்கன்னு சொல்லுவோம். காப்பு அவுத்து நாலு நாளு ஆச்சுன்னா, பழையபடி."

"காப்பு கட்டியிருக்கும்போது வீட்டில கவுச்சி?"

"ஐயையோ! இன்னாம்மா இப்டி கேக்குறீங்க? மீனு சட்டியவே கழுவிப் பரண் மேல ஏத்திடுவோம்."

பாடு வந்தால் படுக்கை, காப்பு கட்டினால் ஆட்டம். கண்ணும் காவலும் அவர்கள் வைத்த பெயர்கள், இரண்டிலும் மாறியது சட்டியில் இருந்ததுதான். இயந்திரத்தை எடுத்து வயிற்றில் வைத்தேன். குடலிலிருந்து வரும் பெரிய நாளத்தைப் பிடித்துக்கொண்டே மெல்ல மேலே போனேன். கல்லீரலின் வாசல் வரை அது ஒழுங்காக வந்தது. உள்ளே நுழைய வேண்டிய இடத்தில் நுழையவில்லை. பின்பக்கம் திரும்பி, இதயத்துக்குப் போகும் பெரிய இரத்தக்குழாயில் போய்க் கலந்தது. கல்லீரலைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. பார்த்ததை நம்பாமல் மறுபடியும் கீழிருந்து பிடித்துக்கொண்டு போனேன். அதே இடத்தில் அதே திருப்பம்.

குழந்தையை உடனே சென்னைக்குக் கொண்டுபோக வேண்டும். மயக்கம் இன்னும் ஆழமானால் ஆபத்து. அதோடு, இந்த நிலையில் இரத்தம் எடுத்தால்தான் அம்மோனியா எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரியும். தனத்திடம் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள், ஆனால் இடத்தை விட்டு அசையவில்லை.

"நாளைக்கி வர்றோம்மா. மொதல்ல மந்திரிச்சிட்டு வந்துடறோம். நேத்துப் பட்ட கண்ணு, அதக் கழிக்காம ஆஸ்பத்திரி வாசல் மிதிச்சா இன்னும் மோசமாப் பூடும்."

புது டாக்டர் வாயைத் திறந்தான். நான் முந்திக்கொண்டேன். "சுத்திப் போடணும், அவ்வளவுதானே? இங்கேயே போடு. உப்பும் மிளகாயும் பக்கத்துக் கடையில வாங்கிட்டு வரச் சொல்றேன். போட்டுட்டு வேன்ல ஏறு."

தனம் ஒத்துக்கொண்டாள். முகாம் நடந்த கட்டிடத்து வாசலிலேயே, நர்ஸ் குழந்தையைப் பிடித்துக்கொள்ள, தனம் உப்பையும் மிளகாயையும் கையில் மூடி மூன்று முறை சுற்றினாள். ஏழுமலை நெருப்புக்குக் காகிதம் தேடி எங்கள் முகாம் நோட்டீஸையே கொளுத்தினார். மிளகாய் நெடியில் எல்லாரும் தும்மினோம். அப்புறம் அவளே முதலில் வேனில் ஏறி மகளை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். அன்றைக்கு நான் அவளோடு மல்லுக்கு நின்றிருந்தால் வாதத்தில் ஜெயித்திருப்பேன், குழந்தை வீட்டுக்குப் போயிருக்கும்.

சென்னையில் எங்கள் மருத்துவமனையில் இரத்தம் எடுத்து ஐஸில் வைத்து ஆய்வகத்துக்கு ஓடினார்கள். அம்மோனியா எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. வலிப்பு மருந்தை நிறுத்தினோம், அந்த மருந்தே அம்மோனியாவை ஏற்றக்கூடிய வகை. வயிற்றைச் சுத்தம் செய்யும் இனிப்பு மருந்து கொடுத்தார்கள், சாப்பாட்டை மாற்றினார்கள். இரண்டொரு நாளில் மோனிஷா எழுந்து உட்கார்ந்து, "நைனா எங்க?" என்றாள். நர்ஸ்கள் எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகுதான் எனக்குப் பெரிய பாடம் கிடைத்தது. நோயைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று உள்ளூரக் கொஞ்சம் மிதந்துகொண்டிருந்தோம். புது டாக்டர் தனத்தை உட்கார வைத்து, பாவம், நல்லெண்ணத்தோடுதான், படம் வரைந்து விளக்கினான். விளக்கிக்கொண்டே வந்தவன், "மீன், இறால் எல்லாம் இவளுக்கு விஷம் மாதிரிம்மா," என்றான்.

தனம் படத்திலிருந்து கண்ணை எடுத்தாள். "அப்ப நான்தான் எம்புள்ளைக்கி வெஷம் வெச்சேனா?"

புது டாக்டர் பேனாவைக் கீழே வைத்தான்.

"சோந்து சோந்து வுழுறாளேன்னு, எல்லாருக்கும் ஒரு பங்குன்னா இவளுக்கு ரெண்டு பங்கு வெப்பேன். எறாவக் கண்டாலே வாய மூடிக்குவா. வேணாம்மா, வேணாம்மான்னு அழுவா. மூக்கப் புடிச்சி ஊட்டுவேன். துன்னாத்தாண்டி தெம்பு வரும்னு அடிச்சிக்கூட ஊட்டியிருக்கேன்."

"இல்லம்மா, இல்லம்மா, அப்படியெல்லாம் இல்ல," என்று புது டாக்டர் பதறினான். அந்த 'இல்ல'வை அவள் காதிலேயே வாங்கவில்லை. அது உண்மையில்லை என்று அவளுக்குத் தெரியும். நான் அவனை நிறுத்தினேன்.

"தனம், பொய் சொல்ல மாட்டேன். அந்த மீனுதான் அவளைச் சாய்ச்சது. ஆனா மீனு விஷமில்ல. அதே மீனை உங்க ஊருப் பிள்ளைங்க எல்லாம் தின்னுட்டு ஓடுதுங்க. இவளுக்கு உள்ளே இரத்தம் போற வழி பிறக்கும்போதே தப்பா அமைஞ்சிருக்கு. டாக்டருங்களே நல்லா மீன் குடுன்னுதான் உனக்குச் சொல்லியிருக்காங்க. உனக்கு எப்படித் தெரியும்?"

தலையை ஆட்டினாள். காதில் விழுந்தது, மனசில் இறங்கவில்லை. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். குழந்தையின் நோய்க்கு நாம் ஒரு காரணம் சொல்லும்போது, அந்தக் காரணம் யார் கையால் போனது என்று ஒரு நொடி யோசித்துவிட்டுச் சொல்லுங்கள். மறைக்கச் சொல்லவில்லை. யோசிக்கச் சொல்கிறேன்.

சிடி ஸ்கேன் எடுத்தார்கள். சுற்றிப் போகும் வழி பளிச்சென்று தெரிந்தது. கல்லீரலுக்குள் இருக்க வேண்டிய நாளக் கிளைகள் எதுவும் தெரியவில்லை. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உள்ளே கிளைகள் இருந்தால், தப்பான வழியை அடைத்துவிடலாம், இரத்தம் ஒழுங்கான பாதைக்குத் திரும்பும். கிளைகளே இல்லையென்றால் அடைக்கக் கூடாது. அடைத்தால் குடலின் இரத்தம் போக்கிடமில்லாமல் தேங்கி உயிருக்கே உலை வைக்கும். அப்போது மாற்றுக் கல்லீரல் ஒன்றுதான் மிச்சம்.

"கிளை இல்லை. மாற்றுதான்," என்றார் எங்கள் அறுவை மருத்துவர். கைராசிக்காரர், திறமைசாலி, எதையும் ஆறப்போட மாட்டார். உன் கல்லீரலில் ஒரு பகுதியைத் தருகிறாயா என்று தனத்திடம் கேட்டார்கள். கேட்ட மாத்திரத்தில் சம்மதித்துவிட்டாள். இரத்த வகையும் பொருந்தியது. அறுவை அறைக்கு நாள் குறிக்கப் பேச்சு நடந்தது.

இந்த இடத்தில் எனக்குப் பாடம் சொன்ன பேராசிரியர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், தன்னைப் பற்றிப் பேசினால் அவருக்குப் பிடிக்காது. நான் மாணவியாக இருந்தபோது ஒரு படத்தைப் பார்த்து, இன்ன உறுப்பு இல்லை என்று எழுதிக்கொண்டுபோய் நீட்டினேன். வாங்கிப் பார்த்தவர், "நீ பார்த்தது படம். படத்தில் காணோம் என்று எழுது. உடம்பில் இல்லை என்று சொல்ல உன்னை யார் உள்ளே அனுப்பினார்கள்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அப்போது அழுகை வந்தது. பிறகு எத்தனையோ முறை அது கைகொடுத்தது.

கூட்டத்தில் எழுந்து சொன்னேன். "இரத்தம் போகாத கிளை சுருங்கிக் கிடக்கும். சிடியில் தெரியாது. அந்தத் தப்பு வழியைக் கொஞ்ச நேரம் பலூனால் அடைத்து, எக்ஸ்ரேயில் தெரிகிற சாய மருந்தைச் செலுத்திப் பார்க்காமல் மாற்றுக்குப் போகக் கூடாது."

அறுவை மருத்துவருக்கு எரிச்சல். "அதுவும் ஆபத்தில்லாத வேலையா மேடம்? எல்லாம் கூடி வருது. அம்மாவே தயாரா இருக்காங்க. நீங்க ஏன் குறுக்கே?"

"எல்லாம் கூடி வருதுன்னுதான் எனக்குப் பயமா இருக்கு. அம்மா தயாரா இருக்கிறது அம்மாவோட விஷயம். குழந்தைக்கு அது தேவையாங்கிறது நம்ம விஷயம்," என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று. அவர் கோபக்காரர், ஆனால் வீம்புக்காரர் இல்லை. சரி, பார்த்துவிடுவோம் என்றார்.

தன் உடம்பில் கத்தியே வைக்க வேண்டாம் என்று ஆகலாம், தனம் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். விஷயம் தெரிந்ததும் அவள் என்னைத் தேடிக்கொண்டு ஸ்கேன் அறைக்கே வந்துவிட்டாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஏம்மா வேணான்றீங்களாம்? என் ஈரலு, நான் குடுக்குறேன்றேன், உங்களுக்கு இன்னா?"

"வேண்டாம்னு சொல்லல. தேவையான்னு பார்த்துட்டு..."

"தேவைதாம்மா! நான் ஊட்டித்தான அது இப்டி ஆச்சு. என்ன அறுத்து அதுக்கு வெச்சாத்தான் எனக்கு ஆறும். எடுத்துக்கங்கம்மா. ஒங்க கால்ல வுழுறேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் தானம் கொடுக்க வரவில்லை, தண்டனை கேட்டு வந்திருந்தாள். அவள் சம்மதத்தை எல்லாரும் தைரியம் என்று நினைத்துப் பாராட்டிக்கொண்டிருந்தோம். நான் அவளை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வெளியே ஸ்கேனுக்கு வரிசை நின்றது. நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பலூன் வைத்தது என்னைவிட மிகவும் இளையவளான ஒரு டாக்டர். கழுத்து நாளத்தின் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, தப்பு வழியின் வாயில் பலூனை ஊதி அடைத்தாள். மருந்தைச் செலுத்தினாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் அறுவை மருத்துவரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முதலில் ஒன்றுமில்லை. பிறகு, போக வேறு வழியில்லாமல், மருந்து கல்லீரல் பக்கம் திரும்பியது. தலைமுடிபோல ஒரு கோடு தெரிந்தது. அது இரண்டாகப் பிரிந்தது. பிரிந்தவை மறுபடியும் பிரிந்தன. மெல்லிசாக, சுருங்கி, ஆனால் எல்லாக் கிளையும் இருந்தது.

"அட!" என்றார் அறுவை மருத்துவர். அந்த ஒரு சொல்லுக்காக அவர்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

எல்லாருக்கும் ஒரே உற்சாகம். குழந்தை மயக்கத்தில் இருக்கிறது, குழாய் உள்ளே இருக்கிறது, வழியை இப்போதே நிரந்தரமாக அடைத்துவிட்டால் வேலை முடிந்தது. நானும் அதைத்தான் நினைத்தேன். உள்ளே இருந்தவள் மட்டும் திரையைப் பார்க்கவில்லை, அழுத்தம் காட்டும் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏறுது மேடம். இன்னும் ஏறுது. இவ்வளவு மெல்லிய கிளை இத்தனை இரத்தத்தைத் தாங்காது."

"கொஞ்சம் பொறு, இறங்கிடும்," என்று யாரோ சொன்னார்கள்.

"இறங்கல," என்றாள். பலூனைத் தளர்த்திவிட்டாள். இத்தனை பெரியவர்கள் வேடிக்கை பார்க்கும்போது, வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, கையைப் பின்னால் இழுக்கத் தெரிகிற டாக்டரை நான் அதிகம் பார்த்ததில்லை. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், அன்று அவசரம் எங்கள் எல்லாருக்கும் இருந்தது.

பிறகு வழியை முழுவதும் அடைக்காமல் குறுக்கி மட்டும் விட்டார்கள். குறுகிய வழியில் போக முடியாத இரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லீரலுக்குள் போகத் தொடங்கியது. மாதாமாதம் முகாமுக்குப் போகும்போது அந்தக் கிளைகளை ஸ்கேனில் பார்ப்பேன். அவை தடித்து வந்தன. ஏழுமலையிடம், "கண்ணுமில்ல ஒண்ணுமில்ல, பாடை விட்டுடாதே," என்று நோய் இன்னதென்று தெரிந்ததுமே கண்டித்துச் சொல்லியிருந்தேன். அவர் விடவில்லை. ஆனால் அந்த வீட்டுச் சட்டியில் மீன் வாடையே இல்லாமல் போயிற்று. மோனிஷாவுக்கு வேண்டாமென்றால் யாருக்குமே வேண்டாம் என்று தனம் எல்லாவற்றையும் விற்கக் கொடுத்துவிட்டாள்.

சில மாதங்கள் கழித்து வழியை முழுவதுமாக அடைத்தார்கள். இந்த முறை அழுத்தம் ஏறவில்லை. அம்மோனியா எல்லாக் குழந்தைகளுக்கும் இருப்பதுபோல வந்துவிட்டது. இனி எல்லாம் சாப்பிடலாம் என்று சொன்னோம். மோனிஷா, "எறா?" என்று கேட்டாள். முன்பு வாயை மூடிக்கொண்ட குழந்தை கேட்கிறது. அதுவே எனக்குப் பாதிப் பரிசோதனை.

தனம்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "தயிர்சோறு போதும்மா. அதுல பழகிட்டா. எதுக்கு வம்பு?"

வீட்டுக்கு அனுப்பினால் இவள் ஆயுசுக்கும் கொடுக்க மாட்டாள் என்று தெரிந்துபோயிற்று. வளர்கிற குழந்தைக்கு அது ஆகாது, தாய்க்கும் ஆகாது. ஆகவே எங்கள் கண் முன்னாலேயே கொடுத்துப் பார்த்துவிட்டு அனுப்புவது என்று முடிவு செய்தோம். ஏழுமலை மறுநாள் பழவேற்காட்டிலிருந்து பஸ்ஸும் ரயிலும் ஏறி, எறாத் தொக்கைத் தூக்கில் கொண்டுவந்தார். வார்டுக்குள் வெளிச் சாப்பாடு கூடாது. வார்டு சிஸ்டர் ரொம்பக் கண்டிப்பானவர். வாசனை வந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பி மருந்துப் பாட்டில்களை அடுக்க ஆரம்பித்துவிட்டார்.

தட்டில் சோறு போட்டு, தொக்கை ஊற்றி, தனத்தின் முன்னால் வைத்தேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எங்கையால வேணாம்மா. அவரு ஊட்டட்டும். இல்ல, நீங்க."

"உன் கையாலதான்," என்றேன். கடுமையாகத்தான் சொன்னேன். அதற்குமேல் இனிப்பாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

மெல்லக் கையை முன்னால் எடுத்தாள். பிறகு பிசைந்தாள். முதல் உருண்டையை வாயருகே கொண்டுபோனவள் பாதியிலேயே நிறுத்திவிட்டாள். மோனிஷா அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்து வாய்க்குள் இழுத்துக்கொண்டாள். மென்றுகொண்டே, "காரமே இல்ல," என்றாள். ஏழுமலை சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதார். தட்டு காலியாகும் வரை தனம் ஊட்டினாள், கண்ணைத் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் வழக்கத்தைவிட முன்னதாகவே ரயிலைப் பிடித்து வார்டுக்குப் போனேன். வாசலிலேயே சிஸ்டர் சொன்னார், தனம் விடிய விடியக் கட்டிலருகே உட்கார்ந்து குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளாம், எத்தனை சொல்லியும் படுக்கவில்லையாம். உள்ளே எட்டிப் பார்த்தேன். உட்கார்ந்த வாக்கிலேயே கட்டிலில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போயிருந்தாள் தனம். மோனிஷா சம்மணம் போட்டு உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள்.

"எம்மா, எந்திரிம்மா. எவ்ளோ நேரம் எழுப்புறது உன்ன? எனக்குப் பசிக்குது."